அந்தக் கைக்கு மட்டும் இன்சூரன்ஸ் இல்லை

என் மொட்டை மாமாவுக்கு, உங்கள் பொண்டாட்டி எழுதுவது. மண்ணுக்குள் இருப்பவரிடம் சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

பிள்ளைகள் இரண்டும் என் தம்பியோடு, நான் வீட்டு வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண், "அப்பா கூட வரலையா?" என்றாள். "செத்துட்டார்" என்றேன். பழைய காயத்தை மறைத்தால் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பணம் தர மாட்டார்களாம். அதனால் சின்னவள் கை எலும்பு உடைந்து பிளேட் வைத்திருப்பதைச் சொன்னேன்.

"விழுந்துட்டாளாம்மா?"

"விழலை. அவ பெரியப்பன் இரும்புக் கம்பியால அடிச்சான். அதே கம்பியாலதான் அவ அப்பன் மண்டையையும் பிளந்தான்!"

மேஜையில் நான் ஓங்கிக் குத்தியதில் அந்தப் பெண்ணின் டீ கொட்டிப்போனது. பயப்படாதீர்கள், இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டது. அந்தக் கைக்கு மட்டும் கிடையாதாம். உங்கள் அண்ணன் ஜெயிலில் இருப்பதால் பிழைத்தான். என்னிடம் சிக்கியிருந்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன்.

விமானத்தில் சின்னவளுக்குக் காது அடைக்கும், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறாள், முடிக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றிச் சின்னவள் வாயே திறப்பதில்லை. அவளை மறைக்கப் போய் நீங்கள் அடி வாங்கினீர்களா, உங்களை மறைக்க வந்து அவள் கையைக் கொடுத்தாளா?