எரிதல் பாடம்

இன்று காலை, ஆய்வகம் என்று நாம் சொல்லிக்கொண்ட அந்த ஒற்றை மரப் பீரோவைத் திறந்தேன். உருகிக் காய்ந்த மெழுகின் வாசனை. மெழுகுவத்தியையும் கண்ணாடி டம்ளரையும் எடுத்துக்கொண்டேன் அக்கா.

சாமான் வாங்கப் பணமில்லை என்று பள்ளியில் கைவிரித்தபோது, அச்சகங்களில் கழிவு அட்டையும் ஆஸ்பத்திரியில் பழைய ஊசிக்குழலும் கேட்டு வாங்கி வந்து அறிவியல் நடத்தியவர் நீங்கள். கணக்கு டீச்சரான நான் பை தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தேன்.

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில், நம் ஏழாம் வகுப்பு முத்துலட்சுமியின் அம்மா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து பிள்ளை மறுபடி வகுப்புக்கு வந்தபோது எரிதல் பாடம் வந்திருந்தது. நீங்கள் தள்ளிப்போடப் பார்த்தீர்கள். "நடத்துங்க டீச்சர்" என்றாள் அவள்தான்.

எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினீர்கள். காற்று குறைந்து சுடர் அணைந்தது. அவள் எழுந்தாள்.

"எங்கம்மா ஈரச் சாக்கப் போட்டு அமுக்கியிருந்தா அணைஞ்சிருக்கும்னு எங்கப்பா சொல்லுதாக. நெசமா டீச்சர்?"

நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு அவளருகே போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

"இல்ல தாயி. மெழுகுவத்திக்கு வெளிக்காத்து வேணும். பட்டாசு மருந்துக்கு வேண்டாம். அது எரியுறதுக்கான ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு. சாக்கப் போட்டு மூடியிருந்தாலும் நின்னுருக்காது. உங்கம்மா மேல தப்பு இல்ல."

அம்மா போனபின் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாளாம்.

சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் அவள் அப்பாவுக்கும் அதையே செய்துகாட்டி விளக்கினீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இம்புட்டு நாளா அவளத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

திரும்பி வர பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து அழுதீர்கள்.

பிறகு உங்களுக்குப் புற்றுநோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் கடைசியாக வந்தபோது, "அறிவியலுக்கு ஆள் போடலேன்னா அந்தப் பாடத்த நீயே நடத்திரு. பிள்ளைக கேட்டா மழுப்பாத" என்றீர்கள். கோடை விடுமுறை முடியுமுன்பே போய்விட்டீர்கள்.

ஆள் போடவில்லை. நான்தான் நடத்துகிறேன். நீங்கள் அன்று சொன்ன பதில் அப்படியே மனதில் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய பிள்ளை யாரும் வகுப்பில் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் உள்ளே போகிறேன்.

இந்த வருஷமும் சொல்ல வேண்டியதாயிற்று அக்கா.