‘ஒண்ணுமில்ல’ என்றால்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சாச்சா வீட்டில் நலம். நீங்கள் இளைத்துப் போயிருப்பதாகச் சாச்சா சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. தூங்கச் சொன்ன சாச்சிக்குத் தெரியாமல், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். டாக்டருக்குப் படிக்கும் சாச்சா மகள் ரஷீதா லாத்தா நோயாளிகளிடம் பேசிப் பழகுவதற்காக, கணினியில் ஒரு பொய் நோயாளி இருக்கிறார். பெயர் பாக்கியலட்சுமி. நாம் கேட்டால் திரையில் முகம் காட்டி, தமிழிலேயே பதில் சொல்கிறார்.

"உடம்புக்கு என்ன செய்யுது ஆன்ட்டி?" என்று லாத்தா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல லா." இந்த ஊரில் எல்லோரும் பேச்சை இப்படி 'லா' போட்டுத்தான் முடிப்பார்கள்.

லாத்தா 'நோய் இல்லை' என்று எழுதினாள். மதிப்பெண் பூஜ்யம்! மூன்று முறையும் அதே கதை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீ கேளு பாப்போம்!" என்றாள்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் ஆன்ட்டி முகம் வாடியிருக்கு?" என்றேன்.

"படி ஏறினா மூச்சு வாங்குதும்மா. பிள்ளைங்ககிட்ட சொல்லிடாத."

லாத்தா என்னைத் தூக்கிச் சுற்றினாள். "நீதான்டி டாக்டர்!"

உம்மா, போனில் நீங்களும் 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்கிறீர்கள். சாச்சா வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். இதை அவர் பையில் ஒளித்து வைப்பேன். அவரிடம் உங்கள் பழைய துப்பட்டா ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

சாச்சி எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன். எனக்கு இப்போது கேட்கத் தெரியும்.

உங்கள் மகள்,
ஹம்னா