முழங்காலுக்குப் பின்னால் ஐந்து கிளைகள்

8 ஜூலை 1974, திங்கள். செங்கல்பட்டு

இன்று உடற்கூறு வகுப்பில் பிணத்தின் முழங்கால் பின்பள்ளம். ஃபார்மலின் வாடையில் கூடப் படிக்கும் பார்த்தசாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கத்தி என் கைக்கு வந்தது. தோல், கொழுப்பு, நரம்பு, அதற்கடியில் சிரை. தமனி எங்கே? எல்லாவற்றுக்கும் கீழே, எலும்பை ஒட்டிக் கிடந்தது. அதிலிருந்து ஐந்து சிறு கிளைகள். ஒன்று மூட்டுக்குள் போய்விடுகிறது. மற்ற நான்கும் முட்டியைச் சுற்றி முன்னால் வந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. எதற்கு இந்தச் சுற்று?

9 ஜூலை

பெரிய தமனி அடைபட்டால் இவை ரத்தம் கொண்டுபோகலாம் என்கிறது புத்தகம். 'லாம்' என்றால்? நூல் தடிமன்கூட இல்லையே.

14 ஜூலை, ஞாயிறு. நெம்மேலி

வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் மனு எழுத மாயவன் அண்ணன் வந்திருந்தார். கட்டுமரத்தில் போகிறவர், இன்று நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலுக்குப் பின்னால் எலுமிச்சை அளவு கட்டி. நாளைக்குக் கம்பவுண்டர் கீறிவிடுவாராம். நான் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் வைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் விலகின. சீழ் இப்படித் துடிக்குமா? தமனியே வீங்கியிருக்கு. கீறினா — ஐயோ, அவ்ளோதான்.

"கீறக் கூடாதுண்ணா. உள்ள ரத்தக் கொழா. கத்தி பட்டா ரத்தம் நிக்காது."

"நீ இன்னும் டாக்டரு ஆவல இல்ல?"

இல்லை என்றேன். அவர் கையையே எடுத்துக் கட்டியின்மேல் வைத்தேன். விரல்களை இரண்டு பக்கமும் நகர்த்தித் தானே பார்த்தார். பிறகு, செங்கல்பட்டுக்குக் காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

18 ஜூலை

நாளை இங்கே ஆஸ்பத்திரியில் மாயவன் அண்ணனுக்கு ஆபரேஷன். வீக்கத்துக்கு மேலே தமனியைக் கட்டிவிடுவார்களாம். அப்புறம் அந்தச் சின்னக் கிளைகள்தான் பாதத்தைக் காப்பாற்ற வேண்டும். முடியாவிட்டால் கால் போய்விடும் என்றார் சர்ஜன். படிக்கிறப்ப அழகா இருந்துச்சு. இப்ப புத்தகத்துல அந்த 'லாம்'தான் கண்ணுல படுது.

19 ஜூலை

தமனியைக் கட்டிவிட்டார்கள். அண்ணன் பாதம் சில்லென்று இருக்கிறது.

20 ஜூலை

காலையிலும் அப்படியே. மதியம் கொஞ்சம் சூடு. என் கைச் சூடோ? பார்த்தசாரதியைத் தொடச் சொன்னேன். கணுக்கால் தாண்டியும் சூடு இருக்கு என்றான். விரல்களில் இல்லை.

2 ஆகஸ்ட்

சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கருத்துவிட்டன, எடுத்துவிட்டார்கள். கால் தங்கிவிட்டது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இப்படியும் ஆகலாம்னு முன்னாடியே சொல்லியிருக்கணுமோ? எழுந்து போகப் பார்த்தேன்.

"நீ சொன்ன அந்த நாலு கொழாவும் எங்க பூந்து போவுது? காட்டு" என்றார்.

அவர் முட்டியைச் சுற்றி விரலால் வரைந்து காட்டினேன். இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.

22 டிசம்பர், ஞாயிறு. நெம்மேலி

அண்ணன் பாதத்தைப் பார்த்து வரலாம் என்று விடிந்ததும் குப்பத்துக்குப் போனேன். ஆள் இல்லை. "இப்பதான் மரத்த எறக்கிகினு போச்சு" என்றார் அவர் மனைவி தனக்கோடி அக்கா. கரைக்கு நடந்தேன். ஈர மணலில் மூன்றே விரல்கள் பதிந்த தடம் ஒன்று, மற்றத் தடங்களோடு கடல்பக்கம் போயிருந்தது.