உள்ளங்கை அகலப் பளபளப்பு

புரட்டாசி, வெள்ளி இரவு. நாளை ஆயுத பூஜை.

நான் ஓட்டும் இந்தக் கறுப்பு அம்பாசிடரின் பானட்டில் முகம் பார்த்துத்தான் அப்பா தலை சீவுவார். கல்யாணமான நாளிலிருந்து செல்வியிடம் சொல்கிறேன். "சின்ன வயசுல எல்லாமே பளபளன்னுதாங்க தெரியும்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

காருக்கு அவர் போட்ட மஞ்சள் டப்பா வாக்ஸ் எங்குமே இல்லை. இன்று, அப்பா வாங்கிய நாகூர் ஃபாரின் சாமான் கடைக்கே போய்விட்டேன்.

"அது வர்றது நின்னு எவ்வளவோ வருஷமாச்சு தம்பி" என்றார் கடைக்கார பாய். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, பின்னால் இருந்த வீட்டுக்குக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஊக்கு போட்டு வைத்திருந்த மஞ்சள் டப்பாவோடு வந்தார். ஊக்குகளை முந்தானையில் கொட்டிக்கொண்டு நீட்டினார். அடி ஓரத்தில் ஒரு விரல்நுனி மெழுகு.

"சுரண்டி எடுத்துக்குங்க. டப்பாவ மட்டும் குடுத்துடுங்க."

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, மெழுகை வெயிலில் வைத்து இளக்கித் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குத்தான் வந்தது. துணியை எடுத்தால் அதற்குள் வானம். பறந்துபோன கொக்கின் கால்கூடத் தெரிந்தது. செல்வியைக் கூப்பிட்டேன்.

செல்வி வந்து குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. கோணலாக இருந்த பொட்டை அதில் பார்த்து நேராக ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள்.