வளையம் வைத்த பாவாடை

மார்ச் 2
ஒருவழியாக முடிந்தது! வெள்ளைக்காரன் காலத்துத் துரைசாணி கவுன். தையல் மெஷினைத் தொடாமல், கையாலேயே. துணி பழைய திரைச்சீலை, பாவாடையைக் குடையாக விரித்து நிறுத்தும் வளையங்கள் பிளாஸ்டிக் குழாய். நாளை இதைப் போட்டுக்கொண்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய கவர்னர் மாளிகைக்குப் போகிறேன். வீட்டுக்காரரும் கூட வருகிறார்.

மார்ச் 3
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவரும் தள்ளியே நின்றார். டிக்கெட் கிழிக்கும் பெண், "மேடம், அவர் உங்க வேலைக்காரர் வேஷமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 4
எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு நடக்கிற மனுஷன். என்னோடு வர வெட்கம், அவ்வளவுதானே? போகட்டும், எனக்கென்ன — எனக்கென்னவா? சாப்பாடே இறங்கவில்லை.

மார்ச் 5
நாங்கள் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

மார்ச் 10
வீம்புக்கு மறுபடி மாளிகை. அவரும் வந்தார், அதே மாதிரி பின்னால். போன தடவை விட்டுப்போன சமையலறையைப் பார்க்கலாம் என்று நுழைந்தேன். குறுகலான வாசல். பாவாடை கச்சிதமாக மாட்டிக்கொண்டது.
"இழுக்கணுமா, தள்ளணுமாம்மா?" என்றார் காவலாளி.
அதற்குள் வீட்டுக்காரர் ஓடி வந்து மண்டி போட்டு வளையத்தை நெளித்தார். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கூட நடக்க உங்களுக்கு வெக்கம்தானே?"
"வெக்கமா? பக்கத்துல வந்தா பாவாடையை மிதிச்சிடுவேனே! கண்ணு பூத்துப்போக தைச்சிருக்க. இவ்வளவு அகலத்துக்கு நான் எங்கேர்ந்து பக்கத்துல வர்றது?"
அட மனுஷா! இதை வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?
பாவம் அந்தத் துரைசாணி. சொந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைய முடியாது, புருஷனும் கை எட்டாத தூரத்தில்.

மார்ச் 16
வளையங்களைக் கழற்றி எறிந்தேன். கவுன் இப்போது அந்தக் காலத்துச் சமையல்காரி உடை. மிஞ்சிய துணியில் அவருக்கு ஒரு கையில்லாத கோட்டு. "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார். கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

மார்ச் 17
அதே சமையலறை வாசலில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டே நுழைந்தோம். மாளிகையில் வேலை செய்கிறவர்கள் என்று நினைத்து ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார். இவர் வெகு மரியாதையாக வழி காட்டினார், என் கையை விடாமலே.