தொட்டிலில் மிச்சமிருந்த பச்சை

என் செல்லப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் சுகம் என்று சேதி வந்தால் அதுவே எங்களுக்கு வயிறு நிறைந்த மாதிரி. கால் வீக்கம் வடிந்ததா, வேலைக்குப் போகும்போது தட்டையான செருப்பாகப் போடு, அழகு பார்க்காதே. என் முழங்கால் பரவாயில்லை. அப்பாவுக்குக் காதுதான் மந்தம், அதுவும் நான் கூப்பிட்டால் மட்டும்.

உன் மரத்தொட்டிலைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாயே, அதை வைத்து இங்கே ஒரு கூத்தே நடந்துவிட்டது. நம் ஊர்க் கிளைப்பாதையை மூடிய பிறகு ஸ்டேஷனில் ஒரே ஒரு ரயில் பெட்டி அநாதையாக நின்றதல்லவா, அதற்குப் பழையபடி பெயிண்ட் அடித்து உள்ளே அப்பா எடுத்த ரயில் போட்டோக்களை மாட்டப்போவதாக ஊர்ப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். சிக்னல் கேபினில் வேலை பார்த்த காலத்தில் ஓய்வு கிடைத்த போதெல்லாம் கேமராவும் கையுமாகத் தண்டவாளத்தோரம் நின்றவர், அத்தனையும் கலர் போட்டோ, கேட்கவா வேண்டும், தலைகால் புரியவில்லை. நான் சும்மா இருப்பேனா, இத்தனை ரயிலை எடுத்த மனுஷர் பெற்ற பெண்ணை ஒரே ஒரு போட்டோதான் எடுத்தார், அதிலும் பின்னால் வரும் ரயில் தெளிவு, குழந்தை மங்கல் என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அது அவர் காதில் விழவே இல்லை.

பெயிண்டர் அந்தப் போட்டோக்களைப் பார்த்துச் செங்காவி கலந்து கதவில் ஒரு கை அடித்தும் விட்டார். எனக்குப் பகீரென்றது. அந்த ரயில் பச்சை, நான் தினமும் தையற்கடை வேலைக்கு ஏறிப்போன ரயில், எனக்குத் தெரியாதா. போட்டோவுக்குத்தான் வயதாகிப் பச்சை வெளுத்துச் சிவப்பு ஏறிவிட்டது. சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் பின்னால் நிற்கும் மரமும் செங்காவியா என்று கேட்டேன், அது காய்ந்த மரம் என்றார். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு போட்டோவாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருந்தார், எனக்கே பாவமாகிவிட்டது. அவர் பெருமையெல்லாம் அந்தப் படங்கள்தான், அதையும் நான் குறை சொன்னால் மனுஷர் ஒடிந்து போவார், எந்த நிறமாக இருந்தால் என்ன என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் பின்னறையிலிருந்து சுரண்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் உன் தொட்டிலைக் கவிழ்த்துப் போட்டு என் நல்ல கத்தியால் அப்பா சுரண்டிக்கொண்டிருக்கிறார். ரயில் பணிமனையில் பெயிண்ட் அடித்த உன் மாமா, நீ பிறந்தபோது அந்தப் பெட்டிகளுக்கு அடித்து டின் அடியில் மிஞ்சியதைத்தானே இதற்குப் பூசிக் கொடுத்தான், எனக்கே மறந்து போயிருந்தது, அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மேலே வெள்ளை போயிற்று, மஞ்சள் போயிற்று, அடியில் பளிச்சென்று பச்சை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ தொட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார், பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கே அத்தனை பேர் முன்னால் பெயிண்டரிடம், "தம்பி, என் போட்டோ மாறிப்போச்சு. என் பொண்ணு தூங்கின தொட்டில் மாறல. இதப் பாத்து அடிங்க" என்றார். இப்போது பெட்டி பச்சை, படங்களையும் உள்ளே மாட்டியாயிற்று, நிறம் மாறிய படங்கள் என்று அப்பாவே ஒரு அட்டையில் எழுதி வைத்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைப் பாத்திரம் கழுவ விடு, ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார். சுகமாகப் பெற்று, தாயும் சேயுமாக எங்கள் கண் நிறைய வந்து நிற்க வேண்டும், நீ நன்றாக இருப்பாய். தொட்டிலைப் பெட்டிக்கு முன்னால் வைத்து அப்பா எடுத்த போட்டோ ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், வெயில் படுகிற சுவரில் மட்டும் மாட்டாதே. நன்றாகப் பார், இந்தத் தடவை தொட்டில்தான் தெளிவு, ரயில் மங்கல்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா