போறேன் என்று சொல்லப் பழகியவனுக்கு

காலையில் பயணப்பையைப் பிரித்தபோது அடியில் ஒரு ஈரத்தாள் உறை கிடந்தது. போட்டி மேடை ஏறுமுன் கம்ப்யூட்டர் விசைப்பலகையைத் துடைப்பதற்காக ஆளுக்கொன்று கொடுத்தது. கிழித்தேன். மதுரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் வாசனை அப்படியே வெளியே வந்தது. உலகப் போட்டி வரைக்கும் போய்விட்டோம், நண்பா. நீ மட்டும் வரவில்லை. வராததற்கு நீ வைத்திருக்கும் காரணத்தை மறுக்க முடியாது என்பதால் உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை.

நாம் பழகியது அருப்புக்கோட்டையில், விசைத்தறிக் கூடத்தின் மாடியில். ஐவருக்கு எதிராக ஐவர் சுட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஆட்டம். எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் பிழைக்க முடியும். கீழே தறி ஓடும்போது எதிரி யானைமேல் வந்தாலும் கேட்காது. கரண்டு போனால் தறி நின்று எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆனால் கம்ப்யூட்டரும் நின்றிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ எங்களை ஓர் அணியாக ஆக்கினாய். எங்கே நிற்பது, எப்போது நகர்வது, எல்லாம் உன் வாய்ச்சொல்.

எம்.ரெட்டியபட்டியில் உன் வீட்டில் சாப்பிட்ட அன்று, பருத்திக் காட்டிலிருந்து வந்த உன் அப்பா கேட்டார்.

"அந்த வெளையாட்டுல சாகுறது யாருப்பா?"

"எல்லாரும்தான்ப்பா. அடுத்த ரவுண்டுல எந்திரிச்சிருவோம்."

"எந்திரிக்கிறவனை என்னத்துக்குச் சுடுறீக?"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய்.

முதல்முறை உலகப் போட்டியை நாம் கோட்டைவிட்டது ஒரே சொல்லில். சென்னை அரங்கம், தகுதிச் சுற்றின் கடைசி ரவுண்டு. நீயும் நம் அணியின் சென்னைக்காரனும் ஒரே பக்கம் காவல். மறுபக்கம் ஆள் வருவதை உணர்ந்து, நீ அவனை விட்டுக் கிளம்பினாய். கிளம்பும்போது மைக்கில் "நான் வாரேன்" என்றாய். உதவிக்கு வருகிறாய் என்று நினைத்து அவன் தைரியமாகக் கதவைத் திறந்தான். பின்னால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. விழுந்தான். போட்டியும் முடிந்தது.

"வரேன்னியேடா. எங்கடா வந்தே?"

"வாரேன்னா கெளம்பிட்டேன்னு அர்த்தம்லே. கெளம்புறப்ப எவனாவது போறேன்னு சொல்லுவானா?"

"இது வீடு இல்லடா. மேப்பு."

ஊர்க்காரர்கள் எல்லோரும் உன் பக்கம்தான் பேசினோம். நியாயம் முழுக்க உன்னிடம் இருந்தது, கோப்பை வேறு அணியிடம் இருந்தது. அதனால் ஒரு சட்டம் போட்டோம்: போகிறவன் போறேன் என்றுதான் சொல்ல வேண்டும். உன் நாக்கு மடங்கவில்லை. பழகுவதற்காக ஷேர் ஆட்டோவில் இறங்கும்போதெல்லாம் டிரைவரிடம் "போறேண்ணே" என்றாய். ஒருவர் வண்டியை அணைத்துவிட்டு, "என்ன தம்பி, வீட்டுல எதும் பிரச்சனையா?" என்று விசாரித்தார். கடைசியில் பழகிவிட்டாய். நம் அணியில் நடந்த ஒரே முழுமையான பயிற்சி அதுதான்.

பிறகு அந்தக் காய்ச்சல். அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். ஆட்டத்தில் பேசும் அதே குரல்.

"போறேன்லே."

கூடவே வந்த உன் அம்மா நடையை நிறுத்திவிட்டார். "என்னய்யா பேச்சு இது? வாரேன்னு சொல்லு."

நீ சிரித்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். கதவு மூடிக்கொண்டது.

"எம்புள்ள ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே," என்று அம்மா எங்களிடம் கேட்டார். "யாரு இவனுக்கு இதப் பழக்கிவிட்டது?"

நாங்கள் நால்வரும் தரையைப் பார்த்தோம். நல்ல தரை. சற்றுமுன்தான் மருந்து போட்டுத் துடைத்திருந்தார்கள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், உன் இடத்தில் ஒருவனைச் சேர்த்து, நீ சொல்லவேண்டியதை நான் சொல்லி, எப்படியோ இந்த வருஷம் தகுதி பெற்றோம். உலகப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாவதிலும் தோற்றால் ஊருக்கு. ஊருக்கு என்றால் எனக்கு அப்பாவின் உரக்கடை, இருவருக்குத் தறி, அணிக்குக் கலைப்பு. "இந்த ஒருவாட்டி மட்டும்" என்று வீட்டுக்கு வீடு கெஞ்சிவிட்டு விமானம் ஏறியவர்கள் நாங்கள்.

அந்த இரண்டாவது ஆட்டமும் கடைசி ரவுண்டுக்கு வந்தது. நம்மில் நால்வர் விழுந்துவிட்டார்கள். நான் ஒருவன், எதிரில் ஒருவன். இந்த மாதிரி நேரத்தில் செத்தவன் பேசக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள ஒழுங்கு. உயிரோடு இருப்பவனுக்குக் காலடி கேட்க வேண்டும். அந்த ஒழுங்கை மதிக்காதவன் நீ ஒருவன்தான். சுடப்பட்டு விழுந்த பிறகுதான் உனக்கு வாய் திறக்கும். "ஏலே, எடது பக்கம் பாருலே. செத்துட்டா எல்லாம் நல்லாத் தெரியுதுலே." எத்தனை முறை உன்னை வாயை மூடச் சொல்லிக் கத்தியிருப்பேன்.

இந்த முறை எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள். தறி இல்லை. கூட்டத்தின் இரைச்சலும் ஹெட்போனுக்குள் வரவில்லை. வலப்பக்கம் காலடி கேட்டது. சுத்தமாகக் கேட்டது. நான் திரும்பவில்லை. எந்தப் பக்கம் என்று நீ சொல்வாய் என ஒரு நொடி காத்திருந்தேன். அவனுக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"சத்தம் கேட்டுச்சுல்ல? ஏன்டா திரும்பல?" என்றான் சென்னைக்காரன்.

"கேக்கல," என்றேன்.

இப்போது கடையில் உட்காருகிறேன். யூரியா கேட்டு வருபவர்களுக்கும் ஒரு நொடி விட்டுத்தான் பதில் சொல்கிறேன். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வருத்தப்படுகிறார். டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். நான் போகப்போவதில்லை. குணமாகிவிட்டால் நீ பேச இடம் இருக்காது.